விமானியைத் தூக்கியெறியும் ஆசனம்

நாவற்குடாவிலிருந்து மாணவ வாசகர் ஒருவர் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21 ஆம் நாள் காலையில், திருகோணமலைச் சீனன்குடாத் தளத்திலிருந்து எழுந்த கே-8 ரகப் பயிற்சி ஜெட் விமானமொன்று குருநாகல் மாவட்டத்து வாரியபொலப் பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. அதில் இருந்த பயிற்றுநரும் பயிலுநரும் உயிர் தப்பினர். "விழுந்துகொண்டிருக்கும் விமானத்தின் கதவைத் திறந்து குதிப்பதற்கு அவர்களுக்கு நேரம் இருந்ததா? அல்லது வேறு யாரேனும் அவர்களை வெளியே தள்ளினார்களா?" என்பது அவர் வினா.

தள்ளியது அவர்கள் அமர்ந்திருந்த ஆசனமே! போர் விமானத்திலும் அதற்குப் பழக்கும் ஜெட் விமானத்திலும் விமானியின் இருக்கை வெறும் இருக்கையன்று. அது நிமிர்த்தி வைக்கப்பட்ட ஒரு துவக்கு. விமானியே அதன் குண்டு. இச்சிறு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி நாம் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

முன்னைய விமானிகளுக்கு இத்தகைய ஆசனம் இருந்ததில்லை. விமானம் தீப்பற்றினால் கட்டுவாரை அவிழ்த்து, மேல்மூடியைப் பின்னே தள்ளி, எழுந்து நின்று, இறக்கையின் பக்கமாகச் சரிந்து குதிப்பர். சிறிது தூரம் விழுந்தபின் பரசூட்டை விரிப்பர். மணித்தியாலத்துக்கு 150 மைல் வேகத்தில் ஓடும் விமானத்தில் இது இயலக்கூடிய காரியமே. ஜெட் யுகம் பிறந்ததும் நிலைமை மாறிற்று. மணித்தியாலத்துக்கு 575 மைல் வேகத்தில், கடல் மட்டத்துக்கு அண்மையில், எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர அடிக்கு 800 இறாத்தலுக்கும் அதிகம். மனித உடலின் முன்புறம் ஆறு சதுர அடி என்று கொண்டால், இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் மார்பில் வந்து மோதுகின்றது என்பது பொருள். அந்நிலையில் எழுந்து நிற்பதெங்கே? கையை உயர்த்தினாலே கை முறியும். அதையும் கடந்து எவ்வாறோ வெளியே வந்துவிட்டால், பின்னால் வாளைப்போல் நிமிர்ந்து வருகின்றது விமானத்தின் வால். ஆகவே, விமானியை அவ்வாலுக்கு மேலாகத் தூக்கியெறிய ஓர் உபாயம் வேண்டியதாயிற்று.

நாவற்குடாவினர் நன்கறிந்த ஓராண்டை இங்கு நினைவூட்டலாம். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள், மட்டக்களப்புக்குக் கிழக்கே நடுப்பகற் பொழுதுக்கு அண்மையில், பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மீசை யப்பானியக் குண்டு விமானங்கள் மூழ்கடித்தன. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பலின் விமானங்கள் அன்று கப்பலில் இல்லை. சீனன்குடாவில் தரையில் நின்றன. கப்பல் இன்றும் கல்லடிக் கடலுக்கு அப்பால் அடித்தளத்திற் கிடக்கின்றது. அன்று இலங்கை வானிற் பறந்த இரு தரப்பு விமானிகளுள் ஒருவருக்கேனும் நாம் பேசும் ஆசனம் இருந்ததில்லை. ஆயின் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, ஜனவரி 13 ஆம் நாள், ஜெர்மனியில் ஹெல்முட் ஷெங்க் என்னும் பரிசோதனை விமானி, உறைபனி பிடித்துக் கட்டுமீறிப்போன ஹைங்கல் 280 ஜெட் விமானத்திலிருந்து அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் ஆசனத்தின் மூலம் எறியப்பட்டு உயிர் தப்பிவிட்டார். உண்மையான ஆபத்தில் இவ்வகை ஆசனத்தால் உயிர் பிழைத்த முதல் மனிதர் அவரே. சுவீடன் நாட்டாரும் போர்க்காலத்திலேயே வெடிமருந்தால் இயங்கும் ஓர் ஆசனத்தை ஆக்கினர். அவர்களுடைய சாப் 21 விமானத்தின் சுழல்விசிறி விமானியின் முதுகுக்குப் பின்னே இருந்தமையால், குதிப்பவன் அவ்விசிறியில் அகப்பட்டு மடிவான் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

இங்கிலாந்தின் கதை சற்று உருக்கமானது. அயர்லாந்தினரான ஜேம்ஸ் மார்ட்டினும் கப்டன் வலன்டைன் பேக்கரும் நண்பர்கள். இருவரும் சேர்ந்து விமானம் செய்யும் நிறுவனமொன்றை நடத்தினர். 1942 செப்டெம்பர் 12 இல் தங்கள் புதிய விமானத்தைப் பரீட்சித்துப் பறந்த பேக்கர், இயந்திரம் நின்றுபோனதால் தரையிறங்க முயன்று உயிரிழந்தார். நண்பனின் மரணத்துக்குப் பின் மார்ட்டினின் சிந்தனை விமானியைக் காக்கும் வழியிற் சென்றது. விமானம் செய்வதை அந்நிறுவனம் சில ஆண்டுகளில் கைவிட்டது. ஆசனம் செய்வதையே தொழிலாகக் கொண்டது. மார்ட்டின்-பேக்கர் என்று இருவர் பெயரும் இணைந்த ஆசனங்களால் இன்றுவரை ஏழாயிரத்துக்கு மேற்பட்ட விமானிகள் பிழைத்திருக்கின்றனர்.

மார்ட்டினுக்கு முன் நின்ற கேள்வி விமானத்தைப் பற்றியதன்று, முள்ளந்தண்டைப் பற்றியது. இருந்தபடியே ஒரு மனிதனை எவ்வளவு விரைவாக மேலே எறியலாம்? தொழிற்சாலையில் ஒரு சாய்ந்த கோபுரம் எழுப்பி, அதன் தண்டவாளத்தில் ஆசனத்தைப் பூட்டி, முதலிற் பாரங்களை எறிந்து பார்த்தார். பின்னர் 1945 ஜனவரி 24 இல் அங்கு வேலைசெய்த பேர்னாட் லிஞ்ச் என்பவர் தாமாகவே முன்வந்து அதில் ஏறினார். சில அடிகள் மேலே எறியப்பட்டார், தீங்கில்லை. படிப்படியாக வெடிமருந்தின் அளவு கூட்டப்பட்டது. அதனைப் பார்க்க வந்த பத்திரிகையாளர் ஒருவரும் ஆர்வ மிகுதியால் ஏறினார், பத்தடி உயர்ந்தார், முள்ளெலும்பு நசுங்கியது. (நம் தொழிலில் இருப்போர் எதையும் தூர நின்று பார்த்து எழுதுவதே நன்று.) அந்த விபத்திலிருந்து மார்ட்டின் ஒரு பெரிய உண்மையை அறிந்தார். உடலைக் கெடுப்பது விசையின் அளவு மட்டுமன்று. அவ்விசை எவ்வளவு சடுதியாக ஏறுகின்றது என்பதுமாகும். எனவே ஒரே தோட்டாவை வெடிப்பதற்குப் பதிலாக, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் தோட்டாக்களை வைத்து விசையை ஏறுவரிசையில் அமைத்தார். 1946 ஜூலை 24 இல் லிஞ்ச், மணித்தியாலத்துக்கு 320 மைல் வேகத்திற் பறந்த மீற்றியர் விமானத்திலிருந்து எண்ணாயிரம் அடி உயரத்தில் எறியப்பட்டுச் சுகமாக நிலஞ் சேர்ந்தார்.

இனி, இக்கால ஆசனம் இயங்கும் முறையைக் காண்போம். விமானி கட்டுவார்களால் தோளிலும் இடுப்பிலும் இறுகப் பிணிக்கப்பட்டிருக்கின்றார். கணுக்காலுக்கு மேலே இரு பட்டிகள். அவற்றிலிருந்து கயிறுகள் ஆசனத்தினூடாகச் சென்று விமானத்தின் தளத்திற் பிணைக்கப்பட்டுள்ளன. தொடைகளுக்கு நடுவே ஒரு வளையக் கைப்பிடி. பழைய ஆசனங்களில் அக்கைப்பிடி தலைக்கு மேலே இருந்தது. அதை இழுத்தால் ஒரு திரைச்சீலை முகத்தை மூடிக்கொண்டு கீழிறங்கும். முகத்தைக் காற்றிலிருந்து காப்பதும், தலையைப் பின்னே சாய்த்து வைப்பதும் ஆகிய இரு காரியங்களையும் அச்சீலை ஒருங்கே செய்தது. தலைக்கவசம் தேறிய பின்னர் அது மறைந்தது.

கைப்பிடியை இழுத்ததும், வேறொன்றும் விமானி செய்யவேண்டியதில்லை. தோள்வார் சுருங்கி அவர் முதுகை ஆசனத்தோடு இழுத்து அணைக்கின்றது. மேலுள்ள கண்ணாடி மூடி தனியே பறந்துவிடும். அல்லது அக்கண்ணாடியில் நெளிநெளியாக ஒட்டப்பட்டிருக்கும் வெடிமருந்துச் சரடு வெடித்து அதனைச் சுக்குநூறாக்கும். உடனே ஆசனத்தின் முதுகிலுள்ள துவக்குக் குழாய் வெடிக்கின்றது. ஒன்றினுள் ஒன்று செருகிய குழாய்கள் நீண்டு, தண்டவாளத்தின் வழியே ஆசனத்தை மேலே செலுத்துகின்றன. சுமார் ஆறடி தூரத்துக்குள் அதன் வேகம் செக்கனுக்கு 80 அடி வரை ஏறிவிடும். அவ்வேளை காலில் இருக்கும் கயிறுகள் தாமாகவே இழுபட்டு இரு கால்களையும் ஆசனத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகின்றன. இல்லையேல் முழங்கால்கள் விமானியறையின் விளிம்பில் மோதிச் சிதையும். அந்நேரத்து விசை புவியீர்ப்பைப்போற் பதினான்கு மடங்கு வரையும், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். 140 இறாத்தல் நிறையுடைய மனிதர் ஒருவர் ஒரு கணத்துக்கு ஏறக்குறைய ஒரு தொன் நிறையுடையவராகின்றார்! நெல் மூடை ஐம்பது கிலோ என்றால், அத்தகைய மூடைகள் பதினெட்டின் பாரத்தை முள்ளந்தண்டு தாங்குகின்றது எனலாம். அதுவும் கால் செக்கனுக்குள்.

துவக்குக் குழாய் தன் வேலையை முடிக்கும் தறுவாயில் ஆசனத்தின் அடியில் உள்ள ரொக்கெட் எரியத் தொடங்கும். நம் கோயில் திருவிழாவில் விடும் வாணத்தைப்போலத்தான். துவக்கு ஒரேயடியாக உதைப்பது; ரொக்கெட்டோ சற்று நேரம் தள்ளிக்கொண்டு போவது. ஆகையால் முள்ளந்தண்டுக்கு அதிக ஊறின்றி அதிக உயரத்தை அடைய முடிகின்றது. நான்கு தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினாற்போன்ற உயரத்துக்கு விமானி சென்றுவிடுவார். பின்னர் ஒரு சிறு குடை விரிந்து, கரணமடித்துச் சுழலும் ஆசனத்தை நேராக்குகின்றது. பெரிய பரசூட் விரிகின்றது. கட்டுக்கள் தாமாகக் கழன்று ஆசனம் தனியே விழுகின்றது. எல்லாம் மூன்று செக்கனுக்குள்.

இருவர் முன்பின்னாக இருக்கும் விமானத்தில் பின்னிருப்பவரே முதலில் எறியப்படுவார். முன்னவர் முதலிற் சென்றால் அவருடைய ரொக்கெட்டின் தீ பின்னவரைச் சுட்டுவிடும். அரைச் செக்கன் இடைவெளி விட்டு, ஒருவர் இடப்புறமாகவும் மற்றவர் வலப்புறமாகவும் எறியப்படுவதுமுண்டு.

மிக உயரத்தில் இவ்வொழுங்கு மாறும். முப்பதினாயிரம் அடியில் பரசூட்டை விரித்தால் விமானி குளிராலும் மூச்சடைப்பாலும் வருந்துவார். மெதுவாக இறங்குவதே அங்கு ஆபத்து. ஆகவே காற்றழுத்தத்தை உணரும் ஒரு சிறு கருவி, பதினாயிரம் அடியளவுக்கு ஆசனம் விழும்வரை பரசூட்டைத் தடுத்து வைத்திருக்கும். அதுவரை ஆசனத்திலுள்ள பிராணவாயுவை விமானி சுவாசிப்பார்.

தொடக்கத்தில் இவ்வாசனங்கள் உயரத்திலிருந்தே பயன்பட்டன. தரைக்கு அருகில் உதவவில்லை. அமெரிக்காவின் எப்-104 விமானத்தின் முதலாசனங்கள் விமானியைக் கீழ்நோக்கி எறிந்தன! வால் மிக உயரம் என்று அஞ்சியதன் விளைவு. தரையிலிருந்து எழும்பும்போது இயந்திரம் நின்றால் அவ்விமானியின் கதி என்னவென்று கூறவேண்டுவதில்லை. பல நல்ல விமானிகள் மடிந்த பின்னரே அதை மேல்நோக்கித் திருப்பினர். ரொக்கெட் வந்த பிறகுதான், அசையாமல் தரையில் நிற்கும் விமானத்திலிருந்தும் பிழைக்கலாம் என்ற நிலை தோன்றிற்று. 1961 ஏப்ரல் முதலாந் தேதி டொடி ஹே என்னும் இங்கிலாந்தவர் அதைத் தம் உடலாற் பரீட்சித்துக் காட்டினார். அதே மாதம் 12 இல் உலகை வலம் வந்த யூரி ககாரின், தமது விண்கலத்திலேயே நிலஞ் சேரவில்லை. ஏழு கிலோமீற்றர் உயரத்தில் இத்தகைய ஆசனத்தால் எறியப்பட்டுத் தனியாகப் பரசூட்டில் இறங்கினார். கலத்தோடு இறங்கினாலே சாதனை செல்லும் என்ற விதி இருந்தமையால் சோவியத் அரசு அதைப் பல ஆண்டுகள் வெளியிடவில்லை.

வியத்தகு தப்புதல்கள் பல. 1954 ஒக்ரோபரில் மத்தியதரைக் கடலில், அல்பியன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய லெப்டினன்ட் மக்பார்லன் என்பவரின் விமானம் இயந்திரம் நின்று கடலில் வீழ்ந்தது. கப்பலும் அதன்மேல் ஏறிச் சென்றது. நீருக்கடியிலேயே அவர் கைப்பிடியை இழுத்தார். மேலே வந்து மிதந்தார்! 1989 ஜூனில் பாரிஸ் விமானக் காட்சியில், ஒரு பறவை இயந்திரத்திற் புகுந்ததால் தலைகீழாகச் சரிந்த மிக்-29 விமானத்திலிருந்து அனடோலி குவோச்சூர் எறியப்பட்டதை ஆயிரக்கணக்கானோர் கண்டனர். விமானம் நிலத்திலே மோத ஓரிரு செக்கன்களே இருந்தன. அவர் பிழைத்தார்; ரஷ்ய ஆசனத்தின் பெருமை ஒரே நாளில் உலகெங்கும் பரவியது.

நகைப்புக்கும் ஒன்றுண்டு. 2019 மார்ச்சில் பிரான்சில் 64 வயதுள்ள ஒருவருக்கு அவருடைய நண்பர்கள் ராபால் போர் விமானத்தில் ஒரு பயணத்தைப் பரிசாக அளித்தனர். வார்கள் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தன. விமானம் உயர்ந்து பின் சமநிலைக்கு வந்தபோது ஆசனத்தைவிட்டு மேலெழும்பிய அவர், பயத்தில் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ளத் தேடினார். கைக்கு அகப்பட்டது அந்தக் கைப்பிடி! அவர் வயல்வெளியில் பரசூட்டில் இறங்கினார். விமானியும் கூடவே எறியப்பட்டிருக்க வேண்டும்; ஒரு பழுதினால் அவருடைய ஆசனம் இயங்காது நின்றது. மூடியற்ற விமானத்தை அவர் பத்திரமாக இறக்கினார்.

எனினும் பிழைத்தவர் எவரும் இதனை விளையாட்டாகக் கூறார். ஆசனம் உயிரைக் காக்கும். உடலைக் காக்கும் என்று உறுதி கூறாது. முதுகெலும்பில் வெடிப்பு உண்டாதல் சாதாரணம். 1999 மே 27 இல் கார்கில் போரின்போது மிக்-27 விமானத்திலிருந்து எறியப்பட்டுப் பாகிஸ்தானிற் சிறைப்பட்ட நச்சிகேதா, முதுகிற் பட்ட காயத்தினால் போர் விமானத்தை விட்டுப் பின்னர்ப் போக்குவரத்து விமானங்களையே ஓட்டினார். தமிழ்நாட்டைச் சேர்ந்த அபிநந்தன் வர்த்தமானை வாசகர் அறிவர். 2019 பெப்ரவரி 27 இல் மிக்-21 விமானத்திலிருந்து எறியப்பட்டு, எல்லைக்கு அப்பால் இறங்கி, மார்ச் முதலாந் தேதி வாகா வழியாகத் திரும்பினார். பாகிஸ்தானிற் சிறைப்படும் இந்திய விமானி ஒருவரின் கதையைக் கூறும் 'காற்று வெளியிடை' என்ற திரைப்படத்துக்கு, அதற்கு ஈராண்டு முன்னர் ஆலோசனை கூறியவர் அபிநந்தனின் தந்தையாரான முன்னாள் எயார் மார்ஷல் என்பது விந்தையே. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அபிநந்தன் மீண்டும் மிக்-21 இற் பறந்தார். உடன் பறந்தவர் விமானப் படைத் தலைவர் தனோவா. அவரும் 1988 இல் இவ்வாறு எறியப்பட்டு, மீண்டும் பறக்க ஒன்பது மாதங்கள் காத்திருந்தவரே.

ஆசனம் இருந்தும் மாண்டவர்கள் பலர். அவர்களுட் பெரும்பாலோர் இயந்திரக் குறையால் மாளவில்லை. இழுக்கவேண்டிய கைப்பிடியைச் சற்றுத் தாமதித்து இழுத்ததால் மாண்டனர். விமானத்தின் மூக்கு நிலத்தை நோக்கியிருக்க, அது விரைந்து விழுந்துகொண்டிருந்தால், ரொக்கெட்டின் உந்தலும் அதை வெல்லாது. அவர்கள் ஏன் தாமதித்தனர்? சிலர் இன்னும் ஒரு முறை இயந்திரத்தை எழுப்பிப் பார்ப்போம் என்று எண்ணியிருப்பர். சிலர் கீழே தெரியும் வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் தவிர்த்து விமானத்தைத் திருப்ப முயன்றிருப்பர். அந்த இரண்டு செக்கனில் மனம் கொள்ளும் துணிவை எந்தப் பொறியும் கொள்ளாது. ஆகவே அம்முடிவு இன்றளவும் பெரும்பாலும் மனிதனிடமே விடப்பட்டுள்ளது. 2025 நவம்பர் 21 இல் துபாய்க் காட்சியில் தேஜஸ் விமானத்தோடு விங் கமாண்டர் நமான்ஷ் சியால் மடிந்தார். அதே ரக விமானமொன்று 2024 மார்ச்சில் ஜெய்சல்மேரில் வீழ்ந்தபோது அதன் விமானி ஆசனத்தாற் பிழைத்திருந்தார்.

நம் நாட்டிலும் 2011 மார்ச் முதலாந் தேதி, விமானப் படையின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் இரு கிபிர் விமானங்கள் கம்பகா மாவட்டத்துக்கு மேலே ஒன்றோடொன்று மோதின. ஒரு விமானி பரசூட்டில் இறங்கிப் பிழைத்தார், மற்றவர் மாண்டார். கிபிர் என்ற பெயர் நம் வடக்குக் கிழக்கு மக்களின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை இங்கு விரித்துரைத்தல் வேண்டா. அவ்வொலி கேட்ட மாத்திரத்திற் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடியவர்கள் இப்பத்தியை வாசிப்பவர்களில் இருப்பர். மேலே இருந்தவருக்கு ஓர் ஆசனம். கீழே இருந்தவருக்கு ஒரு குழி.

மாணவரின் கடிதத்தில் இன்னொரு வினாவும் உண்டு: "பயணிகள் விமானத்தில் ஏன் இதனை வைப்பதில்லை?" ஆசனம் ஒவ்வொன்றும் பெருநிறையுடையது, ஒவ்வொன்றின் மேலேயும் கூரை திறக்கவேண்டும், ஒவ்வொருவரும் தலைக்கவசமும் முகமூடியும் அணிந்து இறுகக் கட்டுண்டிருக்கவேண்டும், குழந்தைகளும் முதியோரும் பதினான்கு மடங்கு விசையைத் தாங்கவேண்டும். இருநூறு ரொக்கெட்டுகளை அடியில் வைத்துக்கொண்டு ஒரு விமானம் நாள்தோறும் பறப்பது, அது விழுவதிலும் ஆபத்தானது. விண்வெளி ஓடத்தில் இதை ஒருமுறை முயன்று பார்த்தனர். கொலம்பியா ஓடம் 1981 இலும் 1982 இலும் மேற்கொண்ட முதல் நான்கு பயணங்களில் இருவர் மட்டுமே சென்றனர். இருவருக்கும் எறியும் ஆசனம் இருந்தது. ஐந்தாவது பயணத்தில் நால்வர் சென்றனர். மற்ற இருவருக்கு அத்தகைய ஆசனம் வைக்க இடமில்லை. எனவே முன்னிருந்த இருவரின் ஆசனங்களையும் இயங்காதபடி பூட்டிவிட்டே அவர்கள் புறப்பட்டனர்.